எங்களுக்கு முன்னால் போன வண்டி

என் வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டதே இல்லை. பத்தொன்பது வருடமாகத் திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பழனி, கொடைக்கானல், மதுரை, எந்த நேரம் கூப்பிட்டாலும் போவேன். வத்தலக்குண்டு ரோட்டில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி கை காட்டுகிறாள் என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சொல்லும்போது, பாவம், ஏற்றிக்கொண்டு போய் அவள் ஊரில் விட்டுவிட்டு வாருங்களேன் என்று கேலி பண்ணுகிறவன் நான். என் மனைவி செவ்வாய்க்கிழமை புது டயர் மாற்றாதே என்பாள், நான் வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை மாற்றுவேன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன் என்பதற்காகவாவது இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பேயைப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்தது மிகவும் கொஞ்சம். மற்றவர்கள் பார்த்ததுதான் அதிகம், அதுதான் என் குழப்பமே.

போன மாசி மாதம் நடந்தது. போலந்து என்ற நாட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஹன்னா என்று பெயர். அறுபத்தாறு வயது, நல்ல ஆகிருதி, வெட்டிவிட்ட வெள்ளை முடி. அவருடைய ஊரில் நாற்பது வருடம் ரொட்டிக்கடை நடத்தினாராம், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். கடையை விற்றுவிட்டு, ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கோட்டை கோவில்களைப் பார்த்து, ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொண்டு தனியாகச் சுற்றுகிறவர். மதுரையில் எனக்குத் தெரிந்த டிராவல்ஸ்காரர் ஒருவர், "வேலுச்சாமி, நல்ல அம்மா, ஒரு நாள் பூரா உங்க ஊரைச் சுத்திக் காட்டு" என்று அனுப்பி வைத்தார். காலை ரயிலில் வந்து இறங்கினார். எனக்கு ஓட்டை இங்கிலீஷ், அவருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைச் சாப்பிட்டாலும் முதலில் மூக்குக்கு நேராக வைத்துக் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். ஸ்டேஷனுக்கு வெளியே வாங்கிக் கொடுத்த டீயைக்கூட அப்படி மோந்துவிட்டுத்தான் குடித்தார். டீ ஆற்றுகிறவர் தன் பாலில் ஏதோ குறை என்று நினைத்து முறைத்தார்.

முதலில் மலைக்கோட்டை. பத்து மணி இருக்கும், அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கெட் வாங்கப் போனோம். வாசலில் நிற்கும் காவலாளி எனக்குப் பழக்கம்தான். என்னைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மறுபடியும் ஏறணுமாமா? இப்பத்தான இறங்கிப் போனீங்க" என்றார்.

"யாரு, நானா?"

"நீங்களும் இந்த அம்மாவுந்தான். அரை மணி நேரம் இருக்குமா? அங்கிட்டு நெழல்ல உக்காரப் போனீங்களே. பாத்து ஏறச் சொல்லுங்க, இறங்கும்போதே அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு."

வேறு யாரோ வெள்ளைக்காரர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். நமக்கு அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவது வழக்கம்தானே. ஆனால் என்னையும் சேர்த்துச் சொன்னாரே என்பது நாலு படி ஏறிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க சோம்பலாக இருந்தது.

ஹன்னா அம்மா நன்றாகவே ஏறினார். எனக்குத்தான் நாக்குத் தள்ளியது. உச்சியில் அந்தச் சாமி இல்லாத கோவிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாமி எங்கே போனது என்று கேட்டார், கீழே ஊருக்குள் இருக்கிறது என்றேன், இவ்வளவு படி ஏற முடியாமல் சாமியே கீழே போய்விட்டதா என்று சிரித்தார். மதில் ஓரமாக நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கீழே கை காட்டி, "உங்கள் வண்டி போகிறது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து ஒரு வெள்ளை வண்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. என்னுடையதைப் போலவே கூரைமேல் கேரியர், கேரியரில் மடித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். யாரோ திருடிக்கொண்டு போகிறான் என்று படபடவென்று இறங்கினேன். பாறையில் இரண்டு இடத்தில் சறுக்கி முட்டி சிராய்த்துக்கொண்டது. கீழே வந்தால் வண்டி விட்ட இடத்தில் விட்டபடி நிற்கிறது. தார்ப்பாய் அசையாமல் மேலே இருக்கிறது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலின் சூடா, ஓடிய சூடா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. பின்னால் நிதானமாக இறங்கி வந்த அம்மா, உலகத்தில் வெள்ளை வண்டி ஒன்றுதானா இருக்கிறது என்றார். சரிதானே என்று நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு பூட்டு செய்கிற ஒரு பட்டறை, பூ மார்க்கெட், பேகம்பூர் பள்ளிவாசல் என்று சுற்றினோம். அங்கெல்லாம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் காலையில் நடந்ததை மறந்தே போனேன். ஒன்றரை மணிக்கு மேல்தான் பிரியாணிக் கடைக்குப் போனோம். அங்கே பரிமாறுகிற காதர் பாய் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம், வெளியூர் ஆட்களை அழைத்துப் போனால் தனியாக இரண்டு துண்டு கூட வைப்பார். அவர் எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏப்பா வேலு, என்ன வெளையாடுறீங்களா? இப்பத்தான ரெண்டு பேரும் இதே மேசையில உக்காந்து சாப்ட்டுப் போனீங்க?"

"பாய், காலையில இட்லி சாப்ட்டதோட சரி. நீங்க யாரப் பாத்தீங்க?"

"அட, இந்த அம்மாதான்ப்பா. தால்சாவ ஊத்துனா, குடிக்காம மூக்குக்கிட்ட வச்சுக் கண்ண மூடி மோந்துக்கிட்டே இருந்துச்சு. நாங்கூட கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்."

பாய் பொய் பேசுகிறவர் இல்லை. அம்மாவுக்கு நாங்கள் பேசியது எதுவும் புரியவில்லை, அவர் பாட்டுக்கு இலை முன்னால் உட்கார்ந்து, சீரகச் சம்பாச் சோற்றைக் கையில் அள்ளிக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். பாய் தால்சாக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். அம்மா கிண்ணத்தைத் தூக்கினார். மூக்கருகே வைத்தார். கண்ணை மூடினார். பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாய் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர், அதற்குப் பிறகு எங்கள் மேசைப் பக்கம் வரவே இல்லை, வேறு ஆள்தான் பரிமாறினார்.

ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் சேர்ந்து ஏதோ நாடகம் போடுகிறார்களோ என்று யோசித்தேன். காதர் பாயைச் சேர்த்துக்கொண்டு, காவலாளியைச் சேர்த்துக்கொண்டு, எனக்காகவா இவ்வளவு பாடுபடுவார்கள்? கை கழுவப் போன இடத்தில் மனைவிக்கு போன் போட்டேன்.

"நான் இன்னைக்கு எத்தன மணிக்குக் கெளம்புனேன்?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வந்தேனா?"

"வெயில் மண்டைக்கு ஏறிருச்சா? மோர் வாங்கிக் குடிங்க" என்று வைத்துவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரிலும் வயதான பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்போம் என்றார். அப்புறம் நோட்டை எடுத்து தால்சாவில் என்னென்ன போடுவார்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பருப்பு, மாங்காய், கத்தரிக்காய், எலும்பு என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நடுநடுவே முன்னால் போகிற வெள்ளை வண்டிகளின் கூரையை என் கண் தானாகத் தேடியது.

சின்னாளபட்டியில் சரோஜா அக்கா வீட்டில் சுங்குடிச் சேலை விற்பார்கள். முன்னறையில் அலமாரி, பின்னால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற கொட்டகை. வெளிநாட்டு ஆட்கள் என்றால் அக்காவுக்குக் குஷி, எல்லாரையும் உட்காரவைத்து போனில் படம் எடுத்துக்கொள்வார். நாங்கள் போய் நின்றபோது இரண்டே முக்கால் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டு அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு அம்புட்டு வேகமாப் போன, பாதியிலயே திரும்பிட்ட? அந்தம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

நான் கதவைத் திறந்தபடி அப்படியே நின்றேன். பின் சீட்டிலிருந்து ஹன்னா அம்மா இறங்கி, கைகூப்பி, அழகாக "வணக்கம்" என்றார். அன்று காலையில் நான் கற்றுக்கொடுத்தது. சரோஜா அக்கா ஒரு அடி பின்னால் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நாங்க இப்பத்தான் வாரோம். இதுக்கு முன்னாடி வரல. என்ன நடந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லுங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்து நான் விளையாடவில்லை என்று புரிந்துகொண்டார். சொன்னார். நாங்கள் இரண்டு மணிக்கு வந்தோமாம். அந்தம்மா ஒரு பச்சைச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதாம். அக்கா படம் எடுத்தாராம். எடுத்து முடித்துத் தண்ணீர் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாம். நான்தான் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினேனாம்.

"பொய்யாச் சொல்றேன்? இந்தா பாரு."

போனை நீட்டினார். படத்தில் இதே முன்னறை, இதே பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஹன்னா அம்மா. மடியில் பச்சைச் சேலை. நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்து, சிரிக்க முயற்சி செய்கிற முகம். பின்னால் நான். அதே கட்டம் போட்ட சட்டை, காலையில் பாறையில் சறுக்கியபோது முட்டியில் ஒட்டிய மண்கூட பேண்ட்டில் தெரிந்தது. எடுத்த நேரம் இரண்டு மணி ஆறு நிமிடம் என்று காட்டியது. அந்த நேரத்தில் நான் பிரியாணிக் கடைக் குழாயடியில் நின்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்பவேண்டாம், என் போனில் அந்த அழைப்பின் நேரம் இருக்கிறது, இரண்டு ஏழு.

அம்மாவும் படத்தை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இது என்ன தந்திரம் என்று என்னிடம் கேட்டார். காலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்த குரல் அப்போது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். எனக்கு ஒன்றும் இல்லை, நான் சேலை பார்க்க வந்தேன் என்றார். ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறவர், டிரைவர்கள் கூட்டிப்போகும் எத்தனை ஏமாற்று இடங்களைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரியில் எனக்குக் கமிஷன் என்று நினைத்திருந்தால் அவர்மேல் தப்பே இல்லை. கெஞ்சினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சரோஜா அக்காவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் நேராக வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தாயி, ஒரு தடவ போய்க் காட்டிட்டு வந்துருங்க. சேல எங்கயும் போகாது. நான் எடுத்து வைக்கிறேன். என் கண்ணால பாத்தேன் தாயி" என்று தமிழிலேயே சொன்னார். சாயம் ஏறிய அந்த விரல்கள் பிடியை விடவே இல்லை. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, சரி, ஆனால் அந்தப் பச்சைக்காகத் திரும்பி வருவேன் என்றார்.

நான்கு வழிச் சாலை அன்று காலியாகக் கிடந்தது. கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில், காலையிலிருந்து இடது கை கொஞ்சம் கனமாக இருக்கிறது, நாற்பது வருடம் மாவு பிசைந்த கை, அதனால் சொல்லவில்லை என்றார். அவ்வளவுதான், என் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு வரவில்லை.

ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிறுத்தினேன். உள்ளே நுழையும்போது எனக்கு இருந்த பயத்தைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. இதுவரை போன இடத்திலெல்லாம் எங்களுக்கு முன்னால் நாங்கள் வந்துவிட்டுப் போயிருந்தோமே, இங்கே என்ன சொல்லப் போகிறார்கள்? வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளக்காரம்மாவ யாராச்சும் கூட்டிட்டு வந்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. இன்னைக்கு அப்பிடி யாரும் வரல."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்களுக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே புறப்பட்டவர்கள் இன்னும் வந்து சேரவில்லையே என்றுதான் தோன்றியது. நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

அம்மாவைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நெஞ்சில் அமுக்குகிற சத்தமும், ஓடுகிற சத்தமும் கேட்டது. நான் சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை, கதவில் ஒட்டியிருந்த "செருப்பை வெளியே விடவும்" என்ற எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ. டாக்டர் வெளியே வந்து, உயிர் திரும்பிவிட்டது என்றார். "ரோட்டுல வச்சு இது நடந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. வலி வந்ததும் எப்பிடிக் கரெக்டாக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். வலி வரவில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மதுரைக்கு அனுப்பி இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகள் விமானம் பிடித்து வந்தார். ஊருக்குக் கிளம்பும் முன்னால் நானும் சரோஜா அக்காவும் போய்ப் பார்த்தோம், அக்கா அந்தப் பச்சைச் சேலையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அம்மா அதைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை சொல்லச் சொன்னார். காவலாளி, காதர் பாய், படம், எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி சொல்வார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். அவர் சேலையின் முடிச்சுப் புள்ளிகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் அந்த இன்னொருத்தி யார்?" என்று மட்டும் கேட்டார். அக்கா போனைக் காட்டி அந்தப் படத்தை அனுப்பவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று அம்மாவும் நானும் ஒன்றாகச் சொன்னோம்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ தெய்வம் முன்கூட்டிக் காட்டிக் காப்பாற்றியது என்று, நம்பாத நானும் ஒரு மாதிரி நம்பிவிட்டுப் போயிருப்பேன். என் மனைவி அப்படித்தான் சொல்கிறாள், வண்டிக்கு எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டாள்.

ஆனி மாதம் சின்னாளபட்டியை அடுத்த அம்பாத்துரைப் பக்கம் ஒரு சவாரி போனேன். ஆளை இறக்கிவிட்டு வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அந்தக் கேட் வழியாக நான் போய் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், நான்கு வழிச் சாலை இருக்கும்போது யார் அந்தப் பக்கம் சுற்றுவார்கள்? நின்ற வண்டிகளில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். என் ஜன்னலருகே வந்தவர் பழத்தை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார், குனிந்து பின் சீட்டைப் பார்த்தார்.

"என்னப்பு, நல்லாருக்கியா? அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒன்னக் காணவே இல்லையே."

"என்னைத் தெரியுமாம்மா?"

"தெரியாமயா? மாசி மாசம், பெரிய ரோட்டுல லாரி கவுந்து ஒரே அடைப்புன்னு இந்தப் பக்கமா வந்தியே. வெள்ளக்காரம்மா பின்னாடி படுத்திருந்துச்சு. கேட்டு தொறக்க அம்புட்டு நேரம் ஆச்சே."

எதையாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று, "அந்தம்மா பொழச்சிட்டாங்கம்மா, ஊருக்கே போயிட்டாங்க" என்றேன். பொய் இல்லையே. அன்று காலையில்கூட ஹன்னா அம்மா தான் சுட்ட ரொட்டியின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார்.

கொய்யாக்காரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது, புத்தி கலங்கியவனைப் பரிதாபமாகப் பார்ப்போமே, அது.

"என்னப்பு பேசுறே? நாந்தான அந்தம்மா கண்ணத் தடவி மூடிவிட்டேன். நீ அந்தக் கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அப்பிடி அழுதியே."

ரயில் போய்விட்டது. கேட் மேலே ஏறத் தொடங்கியது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். என்ன கேட்கிறோம் என்று யோசிக்கும் முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்புறம் நான் எந்தப் பக்கம்மா போனேன்?"

அவர் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.